மூலையிலிருந்து பார்த்த எருக்குழி

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவர் மேல் அடிக்கிற வாடை பிடிக்கவில்லை. குளித்துவிட்டு வந்தாலும் சாண வாடை போகாது. ஒரு நாள் வாயை விட்டுச் சொல்லிவிட்டேன்.

"உங்க மேல குப்ப நாத்தம் அடிக்குது."

"குப்பையாண்ட போயி கேட்டுப் பாரு. இவன் மேல பொண்டாட்டி நாத்தம் அடிக்குதுன்னு அது சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

இப்போது அவர் இல்லை. அந்த வாடை அவர் துண்டில் கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

என் அம்மா வீடு எலவனாசூர்கோட்டை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வயசு வந்ததும் வடக்கனந்தல் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் மாமனார், மாமியார், அவர், நான். ஒரு ஜோடி காளை, இரண்டு பசு, ஒரு கன்றுக்குட்டி. கிணற்றோடு ஒரு காணி நிலம். பிள்ளை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டாய், அதற்கும் பின்னால் எருக்குழி. ஊரில் மற்றவர்கள் மாட்டுக் குப்பையைத் தெருவோரமாக மேடு போட்டு வைப்பார்கள். வெயிலில் அது காய்ந்து போகும், மழையில் கரைந்து ஓடும். அவர் அப்படி விடமாட்டார். இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, நடுவில் மண்ணால் ஒரு வரப்பு வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பக்கம் நிரம்பினால் மண் போட்டு மூடி மக்க விடுவார். மறு பக்கத்தில் புதுக் குப்பை விழும். மூடின பக்கம்தான் அந்த வருஷத்து நடவுக்கு.

மாடு படுக்கக் கரும்புத் தோகையைப் பரப்புவோம். எங்கள் பக்கம் கரும்புக்குக் குறைவில்லை, வெட்டின கொல்லையில் தோகை கேட்பாரில்லாமல் கிடக்கும். ராத்திரி முழுக்க மாடு அதன் மேல் படுத்து, மிதித்து, நனைத்து வைக்கும். காலையில் அந்த ஈரத் தோகையைச் சாணத்தோடு வாரிக் குழியில் போடுவது என் வேலை. தோகை லேசில் மக்காது. அதனால் அவர் அதன் மேல் ஏரி வண்டலைத் தூவித் தண்ணீர் தெளிப்பார். வெயில் படாமல் இருக்கக் குழிக்கு மேல் நாலு கால் நட்டுப் பனையோலைக் கூரையும் போட்டார். அதைப் பார்த்து பக்கத்து வீட்டு அக்கா விடவே இல்லை.

"குப்பைக்கு வூடு கட்டறான் பாரு. பொண்டாட்டி படுக்கிற எடத்துல ஒழுவுது, அத கேப்பாரில்ல."

அக்கா சொன்னது நிஜம். எங்கள் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

வாரத்தில் ஒரு நாள் கடப்பாரையைக் குப்பையில் ஆழமாகச் சொருகி வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து உருவி, நுனியை என்னைத் தொடச் சொல்வார். சூடு இருக்க வேண்டும், ஆனால் கை தாங்க வேண்டும். கை தாங்காத சூடு வந்தால் தண்ணீர் கம்மி என்று அர்த்தம். காலைப் பனியில் குழியிலிருந்து ஆவி கிளம்பும். அதைத்தான் எங்கள் பக்கம் எரு வேகுது என்று சொல்வோம்.

ஆவணியில் வயலுக்குத் தழை வெட்ட மலையடிவாரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார். கூட இரண்டு பேர். கல்வராயன் மலை எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அன்றைக்கு மேகம் மூடிக் கிடந்தது. ஆவாரம் புதரில் கை விட்டபோது பாம்பு கடித்திருக்கிறது. பாதி நிரம்பின வண்டியில், வெட்டின தழையின் மேலேயே அவரைப் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள், துணிமணி எடுக்க. நான் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தத் தழையை யாரோ எடுத்துப் போய்க் குழியின் திறந்த பக்கத்தில் கொட்டிவிட்டார்கள். வேறு எங்கே கொட்டுவார்கள்? தழையை அங்கேதான் கொட்டுவது.

அதற்கப்புறம் குழிக்கு யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. சாவு வீட்டில் அது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கருமாதி அன்றைக்குக் கொட்டாய்க்குப் பின்னால் கல் கூட்டிப் பெரிய அடுப்பு போட்டு உறவுக்காரர்களுக்குச் சமைத்தார்கள். சமைத்து முடித்ததும் சாம்பலையும் கரியையும் அள்ளி, மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குழியில் கொட்டினார்கள். அதுவும் தப்பில்லை. சாம்பல் எருவுக்கு நல்லது, எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான்.

அன்றைக்கே தாலியை வாங்கிவிட்டு என்னை உள்ளே மூலையில் உட்கார வைத்தார்கள். எங்கள் ஜனத்தில் அது வழக்கம். மூன்று மாசம் வெளியே தலை காட்டக் கூடாது, வேலைக்குப் போகிறவர்கள் எதிரில் படக் கூடாது. என் மூலை பின்பக்கச் சுவரோரம். சுவரில் காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதில் பார்த்தால் எருக்குழி தெரியும், வேறு ஒன்றும் தெரியாது.

கருமாதிக்கு வந்திருந்த என் அப்பா மாமியாரிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"வெள்ளிக்கெழம தாண்டி வந்து பொண்ண கூட்டிக்கினு போயிடறேங்க."

"கூட்டிக்கினு போங்க சம்மந்தி. சின்ன வயசு. இங்க இன்னா இருக்குது அதுக்கு? நெலத்த வாரத்துக்கு வுட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சிக்கினு கெடப்போம்."

எனக்குப் போக இஷ்டமில்லை. அம்மா வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மூலைதான். அது இல்லை காரணம். அவர் இருந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் இருக்கிறேன் என்று எதை வைத்துச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான். மூடின பக்கத்துக் குப்பை மக்கித் தயாராக இருக்கிறது. குப்பை இருந்தால் நாமே நடலாம். நடுவதென்றால் ஆள் வேண்டும். மாமாவால் தனியாக முடியாது. அந்த ஆளாக நான் இருந்துவிடலாம். குப்பை இல்லையென்றால் நிலம் வாரத்துக்குப் போகும், வேறு ஆள் உழுது விளைச்சலில் பங்கு கொடுப்பான், நான் அப்பாவோடு போவேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. ஜன்னல் வழியாகக் குழியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஜனங்கள் இடஒதுக்கீடு கேட்டு மறியல் பண்ணின வருஷம் அது. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன கையோடு ஆரம்பித்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்டும் போனது. போலீஸ் வண்டி வருகிறது என்று யாரோ கத்தினால் ஊரில் இருக்கிற ஆம்பளைகள் எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள் ஓடுவார்கள். கொஞ்சம் பேர் மலைக்கே ஏறிவிட்டார்கள். மாமாவும் கரும்புக்குள் போய்விட்டார். அவர் மரமும் வெட்டவில்லை, ரோட்டிலும் உட்காரவில்லை. மகனுக்கு மொட்டை போட்ட தலையோடு போய்ப் படுத்துக்கொண்டார். பெண்கள் கூடையில் சோற்றுச் சட்டியை வைத்து, மேலே தோகையைப் போட்டு மூடிக் குப்பை கொட்டப் போகிற மாதிரி எடுத்துப் போய்க் கொடுப்பார்கள்.

"பொரட்டாசி மாசத்துல மாமனாருக்கு குப்பையில சோறு" என்று அக்கா ஜன்னல் பக்கம் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். நான் சிரிப்பேனா என்று பார்ப்பாள்.

ஊருக்கு நல்லதா கெட்டதா, அதை யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. பஸ் இல்லை, அதனால் அப்பா வர முடியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் விடியற்காலை குழியில் ஆவி கிளம்பியது. எப்போதும் கிளம்புகிறதுதான் என்று நானும் நினைத்தேன். வெயில் ஏறியது. ஆவி போகவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்திலும் ஓலைக் கூரைக்குக் கீழே மெல்லிசாக இழை இழையாகப் போய்க்கொண்டிருந்தது.

"அத்தே, குப்ப பொகையுது."

"எரு வேகுதுடி. தெனமுந்தான் பொகையுது."

"வெயில் வந்தா அது போயிடும் அத்தே. இது போவல."

"மூலையில உக்காந்து உக்காந்து உனுக்கு கண்ணு ஒரு மாதிரி ஆயிடுச்சி. படு."

மறுநாள் புகை கொஞ்சம் ஜாஸ்தி. குழியைக் கிளறுகிற கோழிகள் ஒன்றுகூடக் கிட்டே போகவில்லை. கொட்டாயோரம் கட்டியிருந்த கன்றுக்குட்டி செருமிக்கொண்டே இருந்தது. எனக்குப் பழைய கயிறு கருகுகிற வாடை வந்தது.

"அத்தே, ஒரே ஒரு தபா கடப்பாரைய சொருவிப் பாருங்க. அவரு சொருவுவாரே, அந்த மாதிரி."

மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அங்க போவ மாட்டேன்."

"ஏன் அத்தே?"

"ஏன்னு உனுக்குத் தெரியாது? அவன் படுத்த தழ அதுல கெடக்குது. நான் அந்தப் பக்கம் போவ மாட்டேன். எரிஞ்சா எரியட்டும், வுடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கருமாதியிலிருந்து சாணத்தையும் தோகையையும் மாமியார் குழிக்குக் கொண்டு போகவே இல்லை. கொட்டாய் வாசலிலேயே ஓரமாகக் குவித்து வைத்திருந்தார். நான் அது உடம்பு முடியாமல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலில் பார்த்தேன். குழியின் திறந்த பக்கத்தில் நடுவில் ஓர் இடம் உள்ளே இறங்கியிருந்தது, ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் மாதிரி. விளிம்பு வெள்ளையாக இருந்தது. அந்தப் பள்ளத்துக்கும் மூடின பக்கத்துக்கும் நடுவில் மண் வரப்பு ஒன்றுதான். அதற்கு மேலேயும் தோகை காய்ந்து கிடந்தது.

நான் எழுந்து வெளியே போனேன். யோசித்துப் போகவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. பல நாள் உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்து, கொட்டாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடப்பாரை எப்போதும் சாத்தி வைக்கிற இடத்தில் இருந்தது. எடுத்துப் பள்ளத்தின் ஓரத்தில் சொருகினேன். தடையே இல்லாமல் சாம்பலுக்குள் போவது போல் போயிற்று. உருவி நுனியைத் தொட்டேன். கைத்தோல் உரிந்துவிட்டது.

கத்தினேன். முதலில் ஓடி வந்தது பக்கத்து வீட்டு அக்கா.

"ஐயோ, இன்னாடி வெளிய வந்துட்ட! ஆராவது பாக்கப் போறாங்க!"

"அப்பறம் திட்டுங்கக்கா. மம்பட்டி எடுத்தாங்க. உள்ள நெருப்பு."

"நெருப்பா? எரு வேகுதுன்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்?"

"எல்லாருந்தான் நெனச்சாங்க."

அக்கா குரல் கொடுத்ததில் தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். முதலில் மேலேயிருந்து ஊற்றினார்கள். புஸ்ஸென்று ஆவியும் சாம்பலும் எழும்பி எல்லார் முகத்திலும் அடித்தது. தண்ணீர் மேல் சாம்பலோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடாது, கிணற்றில் இறைத்துத்தான் தூக்க வேண்டும். ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

"ஊத்தாதீங்க. கூரைய இழுத்துப் போடுங்க மொதல்ல. வரப்போரமா வெட்டிப் பிரிக்கலாம். அந்தப் பக்கம் போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றேன்.

அவர் கட்டின கூரையை அக்காதான் கயிறு போட்டு இழுத்துச் சாய்த்தாள். இழுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்னும் நாலு பெண்களும் வரப்பை ஒட்டி வாய்க்கால் மாதிரி வெட்ட ஆரம்பித்தோம். வெட்ட வெட்டச் சூடு காலில் ஏறியது. கொட்டாயிலிருந்து மூத்திரம் ஓடி வந்து தேங்கின சேற்றை வாரி வெட்டின இடத்தில் அப்பினோம்.

நடுவில் கரும்புக் கொல்லை ஓரத்திலிருந்து ஓர் ஆம்பளைக் குரல்.

"ஏய், பொகைய அமத்துங்கடி! பொகைய பாத்துட்டு போலீஸ்காரன் இங்க வந்துடப் போறான்!"

"நீ வெளிய வந்து அமத்துய்யா! கரும்புக்குள்ள உக்காந்துக்கினு நாட்டாம பண்றான்" என்று அக்கா திருப்பிக் கத்தினாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமில்லை. மாமாவின் குரல் இல்லை அது.

பாதி வெட்டினபோது தழை வந்தது. வரப்புக்குப் பக்கத்தில் மொத்தமாக அதுதான் கிடந்தது, காய்ந்து சருகாகி. அதன் ஒரு பக்கம் கருகத் தொடங்கியிருந்தது. அதை எடுக்காமல் நெருப்பை நிறுத்த முடியாது. நான் மம்பட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அவர் படுத்திருந்த தழை. என்னால் அதை வெட்ட முடியவில்லை.

மற்ற பெண்களும் நின்றார்கள். எல்லாருக்கும் தெரியும் அது என்ன தழை என்று.

மாமியார் கொட்டாய்க் கம்பத்தோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் அந்தத் தழையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போட்டார். மறுபடி இறங்கினார். அக்கா கூடையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார். கருகின பக்கம் அவர் புடவையில் பட்டு ஓட்டை விழுந்தது.

"அத்தே, சுடும்."

"சுடட்டும். நீ வெட்டு. நிக்காத."

தழை முழுவதையும் அவரே எடுத்து முடித்தார். எடுத்த பிறகு அந்த இடம் காலியாகிவிட்டது. நாங்கள் சேற்றைக் கொட்டி மிதித்தோம். மத்தியானத்துக்கு மேல் நெருப்பு அந்த வாய்க்காலைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. திறந்த பக்கம் முழுக்க உள்ளுக்குள்ளேயே எரிந்து இரண்டு நாள் கழித்து அடங்கியது. மூடின பக்கத்தில் ஓர் ஓரம் மட்டும் காய்ந்து வெளுத்திருந்தது. மீதி கறுப்பாக, ஈரமாக, மண்புழுவோடு இருந்தது.

யாரும் என்னை மூலைக்குப் போகச் சொல்லவில்லை. போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். அவ்வளவு அசதி.

இரண்டொரு நாளில் மாமா கரும்பிலிருந்து வந்தார். குழியைப் பார்த்தார். காளைகளுக்குத் தண்ணீர் காட்டினார். மறுநாள் வண்டியைப் பூட்டிக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் அள்ளிப் போட்டேன், அவர் ஓட்டினார். வயலில் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டிக்கொண்டே போனோம். மாமியார் அந்தத் தழையையும் ஒரு வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"அதுவும் வயலுக்குத்தானே வெட்டுனான்" என்றார்.

மரங்களை அப்புறப்படுத்தினதும் அப்பா வந்துவிட்டார். பஸ் இன்னும் ஒழுங்காக ஓடவில்லை. பாதி தூரம் யாரோ சைக்கிளில் ஏற்றிவந்து விட, மீதி தூரம் நடந்து வந்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை என்று நேராக வயலுக்கு வந்தார். நான் தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் குப்பை, நெற்றியில் பொட்டு இல்லை. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் மாமியாரிடம் கோபப்பட்டார்.

"தாலிய வாங்கி மாசங்கூட ஆவல. மூலையில இருக்க வேண்டிய பொண்ண குப்ப அள்ள வுட்டுக்கினு இருக்கீங்களே, நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"நான் வுடல சம்மந்தி. அதுவா எழுந்து வந்துச்சி."

"வந்துச்சுன்னா? நான் கூட்டிக்கினு போறேன்."

மாமியார் கையில் இருந்த குப்பைக் கட்டியை உடைத்துத் தூவிவிட்டு, "கூட்டிக்கினு போங்க. வேணாங்கல. ஆனா இத்தன கொட்டி வெச்சிருக்குது. எறைக்க ஆளில்ல. வெயில்ல காஞ்சா வீணாப் பூடும். நட்டுட்டு அனுப்பறேன்" என்றார்.

"நடவா? வாரத்துக்கு வுடறேன்னு சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. "எறைச்சுட்டு வரேம்ப்பா" என்றேன். அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இறைத்துவிட்டு நான் வரப்போவதில்லை என்று.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார், மாமாவிடமிருந்து மம்பட்டியை வாங்கினார், ஒவ்வொரு குவியலாகக் கலைத்து இறைக்க ஆரம்பித்தார். பொழுது சாயும் வரை இறைத்தார். போகும்போது என் தலையைத் தொட்டார். கையில் குப்பை இருக்கிறது என்று ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டார்.

"தீவாளிக்கு வரேன்" என்றார். எங்களுக்கு அந்த வருஷம் தீபாவளி இல்லை. அது அவருக்கும் தெரியும்.

நட்டோம். களை எடுத்தோம். அறுத்தோம். அனுப்புகிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. மாமியார் என்னைப் பாசத்தில் வைத்துக்கொண்டாரா, வேலைக்கு ஆள் வேண்டும் என்று வைத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சில நாள் பாசம் என்று தோன்றும். வயலிலிருந்து வந்து, உட்காரக் கூட நேரமில்லாமல் கொட்டாயைக் கூட்டப் போகிற நாளில் வேறு மாதிரி தோன்றும். கேட்டுவிடலாம்தான். ஆனால் இரண்டு பேரும் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுகிறோம்.